மனைவியின் சீட்டை நிறுத்தச் சொன்னது தவறா?

லேத்பட்டறை | ஞாயிறு, இரவு 9.12

வீட்டில் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. காரணம் ஒரு பாஸ்புக்.

கோவையில் சி.என்.சி. லேத்துக்குப் புரோகிராம் எழுதும் வேலை எனக்கு. என் மனைவி, பதிவு பெற்ற ஒரு கம்பெனியில் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு கட்டிவருகிறார். இருபது பேர், இருபது மாதம், தவணை ஐயாயிரம். பதினான்கு ஏலம் முடிந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. கடைசிச் சீட்டைத்தான் எடுப்பாராம். போன ஞாயிறு அந்தப் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தேன்.

முதல் மாதச் சீட்டு கம்பெனிக்கு. முழு ஐயாயிரமும் கட்டினார். இரண்டாவது மாத ஏலத்தில் ஒருவர் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, 70,000-க்கு எடுத்தார். அந்த 30,000-ல் கம்பெனி கமிஷன் 5,000 போக மீதி 25,000 இருபது பேருக்கும் பிரிந்தது. தலைக்கு 1,250. ஆக அந்த மாதம் கட்டியது 3,750. அதன்பிறகு தள்ளும் தொகை மாதத்துக்கு ஏறக்குறைய 1,400 வீதம் இறங்கிக்கொண்டே வருகிறது. இதே போக்கில் போனால் கடைசிவரை அவர் கட்டுவது 88,125. கைக்கு வருவது, கமிஷனும் அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போக, 94,100. லாபம் 5,975.

88,125-க்கு 5,975 என்றால் 6.8 சதவீதம். அதுவும் இருபது மாதத்துக்கு! ஆண்டுக் கணக்கில் நாலு. இதற்காக மாதாமாதம் வேகாத வெயிலில் ஏலத்துக்குப் போய் உட்கார்ந்து வருகிறார். பேசாமல் நிறுத்திவிட்டு, மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டும் எஸ்.ஐ.பி. போடு என்றேன். அதோடு சாப்பாடு மேசைக்கு வருகிறது, பேச்சு வருவதில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு?

கும்பகோணம்_வாத்தியார் | இரவு 9.31

ஒரு தப்பும் இல்லை தம்பி. தாமதமாகச் சொன்னீர்கள் என்பதுதான் தப்பு. சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். கதை பிறகு சொல்கிறேன், மருந்து சாப்பிட வேண்டும்.

நடுராத்திரி_ஆடிட்டர் | இரவு 11.48

லேத்பட்டறை, உங்கள் கூட்டல் சரி, கழித்தல் சரி, வகுத்தலில் கோட்டை விட்டீர்கள்.

88,125 ரூபாயும் முதல் நாளே கட்டப்பட்டு இருபது மாதம் கிடந்தது போலக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உண்மையில் முதல் தவணை மட்டும்தான் பத்தொன்பது மாதம் கிடக்கிறது. கடைசித் தவணை கட்டிய அன்றே திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு தவணையும் எத்தனை மாதம் வெளியே இருந்தது என்று பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். சராசரியாக ஒரு ரூபாய் வெளியே இருந்தது ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒன்பது மாதத்துக்கு 6.8 என்றால் ஆண்டுக்கு 8.9 சதவீதம். மாதாமாதம் கட்டும் அஞ்சலகத் தொடர் வைப்பில், அதாவது ஆர்.டி.யில், 2023 அக்டோபரிலிருந்து தருவது 6.7. உங்கள் மனைவி அதைத் தாண்டி நிற்கிறார். முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள், பிறகு மேலே விவாதிப்போம்.

லேத்பட்டறை | திங்கள், காலை 7.05

உண்மைதான். எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், 8.9 வருகிறது. தலை குனிகிறேன்.

ஆனாலும் விடமாட்டேன். 8.9-க்கும் சீட்டு தேவையா? பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் நல்ல இண்டெக்ஸ் ஃபண்டில் நீண்ட காலம் போட்டால் அதைவிடக் கூடவே கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. வங்கிக் கணக்கில் ஒரு முறை உத்தரவு கொடுத்துவிட்டால் ஐந்தாம் தேதி பணம் தானே போய்விடும். ஏலம் கிடையாது, ஜாமீன் கிடையாது, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஊசிநூல் | திங்கள், மதியம் 1.20

யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதை நீங்கள் வசதி என்று எழுதுகிறீர்கள். எனக்கு அதுதான் அதில் உள்ள ஓட்டை.

நான் திருப்பூரில் பவர் டேபிள் தைப்பவள். சம்பளம் சனிக்கிழமைதான். பன்னிரண்டு பேர் சேர்ந்து வாரம் 500 ரூபாய் குலுக்கல் சீட்டு போடுகிறோம். ஏலமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டு துண்டுச் சீட்டு, எங்கள் யூனிட்டில் டீ கொண்டுவரும் பையன் எடுப்பான். பெயர் வந்தவருக்கு 6,000. ஆடிட்டர் ஐயா கணக்குப் போட்டால் வட்டி பூஜ்யம் என்று வரும். கடைசியில் பெயர் வருகிறவருக்கு நஷ்டம் என்றும் வரும். இருக்கட்டும்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்குக் கவர் கைக்கு வரும். பெருமாநல்லூர் சாலை வழியாக வீட்டுக்குப் போவதற்குள் அந்தக் கவருக்கு எத்தனை சொந்தக்காரர்கள் தெரியுமா? மளிகைக் கடைப் பாக்கி, பையனுக்கு ரீசார்ஜ், மச்சினன் கேட்ட கைமாற்று. வீட்டுக்காரர் கேட்டால் தராமல் இருக்க முடியாது. "சீட்டுக்குக் கட்டிவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். "வங்கியில் போட்டிருக்கிறேன்" என்றால் "எடு" என்பார்கள்.

தம்பி, உங்கள் மனைவியின் பாஸ்புக்கை நாங்கள் எல்லாரும் பார்த்துவிட்டோம். உங்கள் எஸ்.ஐ.பி. கணக்கையும் இங்கே போடுங்களேன். எப்போது தொடங்கினீர்கள், எத்தனை மாதம் விடாமல் போயிருக்கிறது?

கும்பகோணம்_வாத்தியார் | திங்கள், மாலை 5.40

அம்மா, உங்கள் பிஸ்கட் டப்பாவுக்கு நான் விரோதி இல்லை. ஆனால் இதைக் கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் பதினோரு வருடம் சீட்டு நடத்தினார். ஒரு தவணை, ஒரு நாள், பிசகியது கிடையாது. சீட்டு எடுத்தவர் வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துப் பணம் கொண்டுபோய்க் கொடுப்பார். பதினோரு வருடம் பார்த்துவிட்டுத்தான் நான் சேர்ந்தேன், அதுவும் இரண்டு சீட்டு, மகள் கல்யாணத்துக்கென்று. பன்னிரண்டாவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் மனைவி எங்கள் வீட்டில் வந்து ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் வீட்டில் பூட்டு. நான் கட்டியிருந்தது 2,40,000.

காவல் நிலையத்தில் ரசீது கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு பாக்கெட் டைரி. அதில் என் கையெழுத்துத்தான் இருக்கிறது, அவர் கையெழுத்து ஒரு பக்கத்திலும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் "எழுதி வாங்கு" என்று சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். எதிர் வீட்டுக்காரரிடம் ரசீது கேட்க நாக்கு எழவில்லை.

நீங்கள் சொல்லும் முகம் இருக்கிறதே, அது உங்களைக் கட்ட வைக்கிறது. அதே முகம்தான் என்னைக் கேட்கவிடாமலும் செய்தது.

நடுராத்திரி_ஆடிட்டர் | செவ்வாய், அதிகாலை 12.25

வாத்தியார் ஐயா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே கூடையில் போட வேண்டாம்.

உங்கள் தெருச் சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்துக்கு வெளியே நடந்தது. சட்டப்படி நடத்துகிறவர் தொடங்குவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், சீட்டுத் தொகைக்குச் சமமான தொகையைப் பதிவாளர் பெயரில் பிணையாகக் கட்டி வைக்க வேண்டும். நம் ஊரில் இது பதிவுத்துறையின் வேலை. கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு. முன்பு 5 சதவீதம், 2019 திருத்தத்தில் 7 ஆக்கினார்கள். கேரளத்தில் 1969 முதல் மாநில அரசே ஒரு நிறுவனம் வைத்துச் சீட்டு நடத்துகிறது. 2013-ல் வங்காளத்தில் கவிழ்ந்த சாரதா நிறுவனத்தைப் பத்திரிகைகள் "சிட் ஃபண்ட் மோசடி" என்றே எழுதின. அது சீட்டே அல்ல. ஏலமும் இல்லை, குழுவும் இல்லை, ஊரிடம் பணம் வாங்கிச் சுருட்டிய திட்டம். அந்தப் பெயரால் சீட்டுக்குக் கெட்ட பெயர்.

இதைச் சொல்லிவிட்டு, சீட்டுக்கு வக்காலத்தும் வாங்க மாட்டேன். வங்கியில் போட்ட பணத்துக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. சீட்டுக்கு அது கிடையாது. அந்த 8.9 எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். இரண்டாவது மாதம் 30,000 தள்ளி எடுத்தாரே ஒருவர், அவர் கணக்கையும் போட்டேன். 70,000 வாங்கிக்கொண்டு மீதித் தவணைகளைக் கட்டி முடிக்கும்போது அவருக்கு ஆகும் வட்டி மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் 75 காசு. இரண்டே முக்கால் வட்டி. அந்த மாதம் அவர் வீட்டில் மருத்துவமனைச் செலவோ, கல்லூரிக் கட்டணமோ, நமக்குத் தெரியாது. அவசரக்காரர் குழுவில் இல்லையென்றால் லாபமும் இல்லை. ஏலம் 30,000-க்குப் பதில் 20,000-லிருந்து தொடங்கியிருந்தால் கடைசிச் சீட்டுக்காரருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கும் கீழே. ஆகவே "சீட்டில் ஒன்பது கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எத்தனை கிடைக்கும் என்பது கூட இருக்கும் பத்தொன்பது பேரின் தலைவலியைப் பொறுத்தது.

சிறுசேமிப்பு_மகள் | செவ்வாய், காலை 10.02

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அம்மா அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவராக இருபத்தி இரண்டு வருடம் இருந்தவர். நான் பொருளாதாரம் படிக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன்.

ஊசிநூல் அக்கா சொன்னது திருப்பூருக்கு மட்டும் உரியது இல்லை. கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் இதே குலுக்கல், சுழற்சிச் சீட்டுகளை ஆராய்ந்து சிவான் ஆண்டர்சன், ஜான்-மரி பாலண்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2002-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அதிலும் தனியாக வாழும் பெண்களைவிடக் கணவரோடு வாழும் பெண்களே அதிகம் சேர்கிறார்கள். கையில் இருக்கும் காசு உடனடிச் செலவுக்குப் போய்விடாமல் கணவர் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதுதான் நோக்கம் என்பது அவர்கள் வாதம்.

பிலிப்பைன்ஸில் இன்னொன்று, 2006-ல் வெளிவந்தது. ஒரு வங்கி தன் வாடிக்கையாளர்களிடம் ஒரு கணக்கைக் காட்டியது. வட்டி சாதாரணக் கணக்கின் அதே வட்டி. ஒரே வித்தியாசம், தாங்களே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை பணத்தை எடுக்க முடியாது. கூடுதலாக எதுவும் தராமல் சுதந்திரத்தை மட்டும் பறிக்கும் கணக்கு. கேட்டவர்களில் 28 சதவீதம் பேர் வாங்கிக்கொண்டார்கள். ஓராண்டில் அந்தக் கணக்கு காட்டப்பட்ட குழுவின் சேமிப்பு, காட்டப்படாத குழுவோடு ஒப்பிட்டால் 81 சதவீதம் ஏறியிருந்தது. நாளைக்கு நான் எப்படி நடந்துகொள்வேன் என்று இன்றைக்கே தெரிந்தவர்கள் பூட்டு வாங்குகிறார்கள்.

கும்பகோணம்_வாத்தியார் | செவ்வாய், காலை 10.30

மகளே, 28 பேர் வாங்கினார்கள் என்றால் 72 பேர் வேண்டாம் என்றார்களே, அவர்களுக்குப் பைத்தியமா?

சிறுசேமிப்பு_மகள் | செவ்வாய், காலை 10.44

இல்லை ஐயா. சிலருக்குப் பூட்டுத் தேவைப்படாது. சிலருக்குப் பூட்டின் மேல் நம்பிக்கை இருக்காது. இன்னும் சிலர், தனக்குத் தேவையில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆபத்தில் இருப்பவர்கள் அந்த மூன்றாவது வகைதான்.

பெயர் சொல்லாமல் விடுகிறேன், லேத்பட்டறை அண்ணா இன்னும் தன் எஸ்.ஐ.பி. கணக்கைப் போடவில்லை.

மட்டுறுத்துநர் | செவ்வாய், மதியம் 2.15

இந்த இழையில் ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். மாதம் 10 சதவீதம் உத்தரவாதம் என்று ஒரு தொலைபேசி எண். ஆருத்ரா நிதி நிறுவனத்தில் மாதம் 25, 30 சதவீதம் என்று நம்பிக் கட்டியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்பது இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். மீண்டும் போட்டால் கணக்கு முடக்கப்படும்.

லேத்பட்டறை | செவ்வாய், இரவு 10.50

சரி, போடுகிறேன்.

2019 ஜூலையில் தொடங்கினேன், மாதம் 5,000. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. 25,981-ல் முடிந்தது. அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் காலை, இருந்ததையெல்லாம் விற்றேன். வருடக் கடைசியில் அதே சென்செக்ஸ் 47,000-த்தைத் தாண்டி நின்றது. நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2021-ல் மறுபடி தொடங்கி எட்டு மாதத்தில் நிறுத்தினேன், பைக். 2023-ல் மறுபடி, இடையில் "தற்காலிக நிறுத்தம்" என்ற பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன். ஒரு விரல் வேலை, அவ்வளவு சுலபம். ஆக மொத்தம் கட்டிய மாதங்கள் 31. கட்டாத மாதங்கள் அதைவிட அதிகம்.

மனைவி, இதற்கு முன் ஒரு சீட்டு முழுதாகக் கட்டி முடித்திருக்கிறார். இது பதினான்குக்குப் பதினான்கு.

ஊசிநூல் | செவ்வாய், இரவு 11.02

நேர்மையாகச் சொன்னீர்கள், அதற்கு ஒரு கும்பிடு. நான் குத்திக் காட்டக் கேட்கவில்லை. உங்கள் ஃபண்டு தரும் வருமானம் வேறு, உங்களுக்குக் கிடைத்த வருமானம் வேறு. நடுவில் நிற்பது நீங்கள்.

நடுராத்திரி_ஆடிட்டர் | புதன், அதிகாலை 12.40

அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். என் வாடிக்கையாளர்களிடம் வருடா வருடம் பார்க்கிறேன். டேனியல் கானிமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-லேயே எழுதிவைத்தார்கள், நூறு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் போன துக்கம் பெரிது என்று. மார்ச் 24 அன்று விற்றவர்கள் முட்டாள்கள் இல்லை. திரையில் தினமும் விலை தெரிந்தது, தெரிந்ததால் வலித்தது. சீட்டில் விலை தெரியாது. இடையில் அதன் மதிப்பு என்ன என்று யாரும் பலகையில் எழுதிப் போடுவதில்லை. அதனாலேயே யாரும் பயந்து விற்பதில்லை. இது சீட்டின் பலமா, கண்ணை மூடிக்கொள்ளும் பூனையா என்பது வேறு விஷயம்.

ஆனால் ஊசிநூல் அம்மாவிடம் ஒன்று கேட்கிறேன். பூட்டு வேண்டும், சரி. மலிவான பூட்டு இருக்கும்போது விலை உயர்ந்த பூட்டு எதற்கு? ஒரு லட்சச் சீட்டில் இருபது மாதத்தில் கம்பெனிக்குப் போகும் கமிஷன் மொத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் ஐயா! ஒவ்வொருவர் தலையிலும் 5,000. ஆர்.டி.யில் இது கிடையாது.

பணத்துக்குப் பெயர் வைப்பதன் ஆபத்தையும் பார்க்க வேண்டும். பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தாலருக்கு 2017-ல் நோபல் கிடைத்த வேலைகளில் ஒன்று இந்த மனக் கணக்கு. இது கல்யாணக் காசு, இது பள்ளிக்கூடக் காசு என்று நாம் தனித்தனி டப்பாவில் போடுகிறோம். ரூபாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. என்னிடம் வரும் ஒருவர், ஒரு கையில் சீட்டு கட்டுகிறார், மறு கையில் கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை வட்டி அழுகிறார். சீட்டைத் தொடமாட்டாராம், அது மகள் பேரில் இருக்கிறதாம். வருடத்துக்கு ஒன்பது சம்பாதித்து நாற்பதுக்கு மேல் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

கும்பகோணம்_வாத்தியார் | புதன், காலை 6.15

என் மாமியார் கடுகு டப்பாவில் ஒரு காசு, மிளகு டப்பாவில் ஒரு காசு என்று வைத்திருந்தார். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றமாட்டார், செத்தாலும். யாரும் பரிசு கொடுக்கவில்லை.

சிறுசேமிப்பு_மகள் | புதன், காலை 9.20

ஆடிட்டர் சொல்லும் மலிவான பூட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தது.

ஆர்.டி. என்றால் அஞ்சலக வரிசையில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். என் அம்மா மாதம் முதல் வாரம் முழுக்க வீடு வீடாகப் போவார். பணத்தை வாங்கி, அவர்கள் வைத்திருக்கும் அட்டையில் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அஞ்சலகத்தில் மொத்தமாகக் கட்டிவிட்டுப் பாஸ்புக்கில் பதிந்து கொண்டுவருவார். அவருக்கு 4 சதவீதக் கமிஷன், அதை அரசே கொடுத்தது, கட்டுகிறவர் தலையில் ஒரு காசு ஏறவில்லை. வாத்தியார் ஐயாவுக்குக் கிடைக்காத கையெழுத்து அதில் மாதாமாதம் இருக்கும்.

முகமும் இருந்தது. "அக்கா வருவார்களே, காசு இல்லை என்று எப்படிச் சொல்வது" என்று மளிகைக் கடையில் கடன் சொல்லிவிட்டு எங்கள் அம்மாவுக்குக் கட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். வாத்தியார் ஐயா ரசீது கேட்க வெட்கப்பட்டார். அம்மாவிடம் கேட்கவே வேண்டியதில்லை, அட்டையில் எழுதாமல் அவர் படியிறங்க மாட்டார்.

ஊசிநூல் | புதன், மதியம் 1.35

உங்கள் அம்மாவைப் போல ஒருவர் எங்கள் தெருவில் இருந்திருந்தால் நானும் கட்டியிருப்பேன் கண்ணு. ஆனால் மூன்று விஷயம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சாப்பாடு இறங்காது.

அவர் மாதம் ஒரு முறை வருவார். என் காசு வாரம் ஒரு முறை வருகிறது. சனிக்கிழமைக்கும் அவர் வரும் நாளுக்கும் நடுவில் அது உயிரோடு இருக்க வேண்டுமே.

ஆர்.டி. தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். 500 கட்டுகிறவளுக்கு ஐந்து ரூபாய். ஐந்து ரூபாய் என்பது ஒரு தடையா? எங்கள் சீட்டில் நான் கட்டாவிட்டால் அந்த வாரம் பெயர் வந்தவளுக்கு 5,500 தான் கிடைக்கும். அவள் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். திங்கள் முதல் சனி வரை.

மூன்றாவது, குலுக்கல் என்று சொன்னேன், முழு உண்மை இல்லை. போன ஜூனில் ஓவர்லாக் தைக்கும் பெண்ணின் மகனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அந்த வாரம் சீட்டைக் குலுக்கினோம், பெயர் வந்தவள் சீட்டைப் பிரித்துக்கூடக் காட்டாமல் "அவளுக்குக் கொடுங்கள், நான் அவள் வாரத்தில் எடுத்துக்கொள்கிறேன்" என்றாள். அஞ்சலகத்தில் இதற்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டும்?

வாத்தியார் ஐயா பட்டது உண்மை. அதனால்தான் நாங்கள் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் போவதில்லை, பணம் யார் வீட்டிலும் ஓர் இரவு தங்குவதில்லை. டப்பாவில் விழுந்த அரை மணி நேரத்தில் ஒருத்தி கைக்குப் போய்விடும். ஓடுகிறவளுக்குக் கொண்டு ஓட 6,000-க்கு மேல் இருக்காது.

கும்பகோணம்_வாத்தியார் | புதன், மதியம் 2.50

இது நல்ல ஏற்பாடு. என் சீட்டில் 2,40,000 ஒருவர் வீட்டு பீரோவில் இருந்தது. அந்த வித்தியாசத்தை நான் இத்தனை வருடம் யோசிக்கவில்லை. ஆனாலும் சேரமாட்டேன்.

நடுராத்திரி_ஆடிட்டர் | புதன், இரவு 11.30

சிறிய சீட்டுக்கு நான் தோற்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். 6,000 ரூபாயில் வட்டி கணக்கிடுவது சிறுபிள்ளைத்தனம். ஒரு லட்சச் சீட்டுக்குத் தோற்கவில்லை.

லேத்பட்டறை, வீட்டில் வேறு கடன் உண்டா? அதைச் சொல்லாமல் சீட்டு நல்லதா கெட்டதா என்று பேசுவது, ஜுரம் பார்க்காமல் மருந்து கொடுப்பது.

லேத்பட்டறை | வியாழன், காலை 6.50

மனைவியின் மூன்று சவரன் சங்கிலி வங்கியில் இருக்கிறது, ஒரு லட்சத்துக்கு. வட்டி ஆண்டுக்கு ஒன்பதரை. வாடகை வீடு மாறியபோது அட்வான்ஸுக்கு வைத்தது. கிரெடிட் கார்டு பாக்கி இல்லை.

அப்படியானால் வரும் பத்தாம் தேதி ஏலத்திலேயே சீட்டை எடுத்து நகையை மீட்டுவிடலாம் அல்லவா? போன மாதம் 13,000 சொச்சம் தள்ளி எடுத்தார்கள். இந்த மாதம் 12,000 தள்ளினால் போதும். 88,000 கிடைக்கும். மனைவியிடம் இதைச் சொல்லிச் சமாதானம் ஆகலாம் என்று பார்க்கிறேன்.

நடுராத்திரி_ஆடிட்டர் | வியாழன், காலை 8.15

அவசரப்படாதீர்கள். நானும் முதலில் அதைத்தான் சொல்ல நினைத்தேன், கணக்குப் போட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது எடுத்தால் 88,000. ஐந்து மாதம் பொறுத்தால் 95,000. ஜி.எஸ்.டி. இரண்டிலும் ஒன்றுதான், விட்டுவிடுவோம். ஐந்து மாதப் பொறுமையின் விலை 7,000. அதே 88,000 ரூபாய் அளவு நகைக்கடன் ஐந்து மாதம் நீடித்தால் நீங்கள் வங்கிக்குக் கட்டுவது ஏறத்தாழ 3,500. பாதி. கம்பெனி ஒழுங்காக நடக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால், சங்கிலி இன்னும் ஐந்து மாதம் வங்கி லாக்கரிலேயே தூங்கட்டும்.

சீட்டின் முன்பாதியில் எடுப்பவர் வட்டி கொடுக்கிறார், பின்பாதியில் காத்திருப்பவருக்கு அந்த வட்டி குவிகிறது. பதினான்கு மாதம் கட்டிவிட்டு, குவியும் நேரத்தில் நிறுத்தச் சொன்னீர்களே! நிறுத்தினாலும் கட்டியது உடனே கைக்கு வராது, உங்கள் இடத்துக்குப் பதிலாள் வரும்வரை கம்பெனி வாசலில் நிற்க வேண்டும்.

சிறுசேமிப்பு_மகள் | வியாழன், காலை 9.05

அண்ணா, ஒரு சந்தேகம், தனிப்பட்ட விஷயம் என்றால் பதில் சொல்ல வேண்டாம். அக்கா முதல் சீட்டில் சேர்ந்தது எப்போது? நீங்கள் பைக் வாங்கியதற்கு முன்பா, பின்பா?

லேத்பட்டறை | வியாழன், இரவு 10.20

இந்தக் கேள்வியைப் பகல் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு புரோகிராமில் தசமப் புள்ளி மாறி ஒரு ஜாப் வீணானது, மேற்பார்வையாளர் திட்டினார்.

பின்பு. பைக் முன்பணத்துக்கு அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து 40,000 கேட்டு வாங்கினேன். மூன்று மாதத்தில் தருகிறேன் என்றேன். தரவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த மாதம்தான் சீட்டில் சேர்ந்திருக்கிறார். கிபேரா எங்கே இருக்கிறது என்று இந்த வாரம்தான் வரைபடத்தில் பார்த்தேன்.

இரவு சாப்பிட்டதும் ஆடிட்டர் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினேன். "இப்போது எடுக்க வேண்டாம், இருபதாவது மாதம்தான் எடுக்க வேண்டும், நீ செய்வது சரி" என்றேன். தாளைப் பார்த்தார். பீரோவைத் திறந்து அந்தப் பாஸ்புக்கை எடுத்து, பின்னட்டையின் உள்பக்கத்தைக் காட்டினார். நான் ஞாயிற்றுக்கிழமை முன்பக்கங்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பென்சிலில், பொடி எழுத்தில், மாதம் நூற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கில் இரண்டே வரி:

இப்ப எடுத்தா 1.50 வட்டி.
செயின் 80 பைசா.

அதற்குக் கீழே தேதி. நான் கணக்குப் போட உட்கார்ந்ததற்கு மூன்று வாரம் முந்தைய தேதி.

"யாரிடம் கற்றுக்கொண்டாய்" என்றேன். ஏலத்துக்கு வரும் பூக்கடை அம்மாவிடமாம். 40,000-ஐ மாதம் 5,000 வீதம் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்: "கையில் தர வேண்டாம், அங்கேயே புதுச் சீட்டு ஒன்று ஆரம்பிக்கிறார்கள், அதில் கட்டிவிடுங்கள்."

ஊசிநூல் | வியாழன், இரவு 10.31

ரசீது யார் பெயரில் என்று கேட்டீர்களா?

லேத்பட்டறை | வியாழன், இரவு 10.34

கேட்டேன் அக்கா. அவர் பெயரில்.